படந்தூக்கி ரைமி

ரைமிக்கு இடது காது பாதிதான் இருக்கும். மீதிப் பாதி இசாலே-அரோ தொடக்கப்பள்ளி மைதானத்தில் எங்கோ விழுந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. யாராவது கேட்டால், "கட்சிக்குக் கொடுத்தேன்" என்பான். சொல்லிவிட்டு அவன் சிரிப்பான், கேட்டவருக்குச் சிரிப்பு வராது.

எங்கள் ஊரில் பொதுத் தேர்தலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மண்வெட்டிச் சின்னத்தில் ஒரு கழுதையை நிறுத்தினாலும் ஜெயிக்கும், நிறுத்தியும் இருக்கிறார்கள். அதனால் அடிதடி, வெட்டுக்குத்து எல்லாம் பொதுத் தேர்தலுக்கு வெகு முன்னாலேயே, கட்சிக்குள் வேட்பாளரைப் பொறுக்கும் நாளிலேயே நடந்து முடிந்துவிடும். மாநிலச் சட்டசபைக்கு யார் போவது என்பதை முடிவு செய்வது அந்த ஒரு நாள்தான். பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது. போட்டியிடுகிறவர்களின் படத்தை நீளமான கம்பில் மாட்டி மைதானத்தில் ஆளுக்கொரு மூலையில் நிறுத்துவார்கள். கட்சி அட்டை வைத்திருப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய படத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கவேண்டும். தலைநகரிலிருந்து வரும் கட்சி அதிகாரி படத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு, உரக்க எண்ணிக்கொண்டே வால்வரை போவார். கடைசித் தலை எண்ணப்படும்வரை படம் நிமிர்ந்து நிற்கவேண்டும். சாய்ந்தால் வரிசை கலைந்ததாக அர்த்தம். கலைந்த வரிசைக்குக் கணக்கு இல்லை. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே எதிராளியின் வரிசையை ஒழிக்க அத்தனை பேரையும் அடிக்க வேண்டியதில்லை. கம்பைப் பிடித்திருப்பவனை அடித்தால் போதும். அதனால்தான் கம்பைப் பிடிக்க ரைமி மாதிரி ஆள் தேவைப்பட்டது.

ரைமி இபாதான் பஸ் நிற்குமிடத்தில் சுமைதூக்கி. நல்ல உயரம், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி மார்பு. இரண்டு மரவள்ளி மாவு மூட்டையை ஒரே மூச்சில் பஸ் கூரைமேல் ஏற்றுவான். அவன் ஏற்றுவதை ஒருநாள் காரிலிருந்து பார்த்துவிட்டுத்தான் ஒத்துன்பா அவனைக் கூப்பிட்டார். ஒத்துன்பா என்பது அரண்மனை கொடுத்த பட்டம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும், ஊருக்கு எப்போதோ மறந்துவிட்டது. "டேய் தம்பி, கல்லு விழுந்தா குனிவியா?" என்று கேட்டார். "எதுக்குங்க குனியணும்?" என்றான் ரைமி. அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

முதல் தடவை படம் பிடித்தபோது தோள்பட்டை எலும்பு உடைந்தது. பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ செங்கல்லை எறிந்தார்கள். கை மரத்துப்போனதால் கம்பை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு எண்ணி முடிக்கும்வரை நின்றான். இரண்டாவது தடவை காது போனது. வெட்டியவன் கழுத்துக்குத்தான் குறி வைத்திருந்தான். ரைமி தலையைத் திருப்பினானே தவிர கம்பைச் சாய்க்கவில்லை, ரத்தம் சட்டைக்குள் ஓடி இடுப்பில் தேங்கியது. இரண்டு தடவையும் ஒத்துன்பா ஜெயித்தார். ரைமிக்கு எல்லோருக்கும் முன்னால் முதுகில் ஒரு தட்டும், ஒரு மூட்டை அரிசியும், படந்தூக்கி என்ற பெயரும் கிடைத்தன.

மூன்றாவது தடவை அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே ஒரு கீறல்கூட இல்லை. அந்தத் தடவைதான் அவன் தம்பி கமோரு செத்தான்.

கமோரு மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவன், வாயாடி. கட்சிக் கூட்டத்தில் எழுந்து, "ஒத்துன்பா, நீங்க போட்டுத் தந்த ஆழ்துளைக் கிணத்த எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? தேடித் தேடி எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குக் கால் வலிக்குது" என்று கேட்டுக் கூட்டத்தையே சிரிக்க வைத்தவன். வேட்பாளரைப் பொறுக்கும் நாளில் அண்ணனுக்கு எதிர் வரிசையில் போய் நின்றான். "நீ அந்தாளு மூஞ்சியத் தூக்கு, நான் இந்தாளு மூஞ்சியப் பாக்குறேன். சாயங்காலம் சேந்து சாப்புடலாம்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். எண்ணிக்கை பாதியில் இருக்கும்போது ஒத்துன்பாவின் ஆட்கள் எதிர் வரிசைக்குள் வெட்டுக்கத்தியோடு புகுந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் சபினு. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு அலறல் வந்தது. அந்தக் குரல் கமோருவின் குரல் மாதிரி இருந்தது. மாதிரிதான் என்று ரைமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கம்பு கையில் இருந்தது, படம் நிமிர்ந்திருந்தது, அவன் வேலையே அதுதான். எண்ணி முடித்துக் கம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் ஓடிப்போனபோது, தம்பி கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனிடம் மூச்சு இல்லை.

அடக்கத்துக்கு ஒத்துன்பா ஒரு மாடு அனுப்பினார். அடையாளம் தெரியாத நபர்கள் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அடையாளம் தெரியாத சபினு துக்க வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து, அந்த மாட்டுக்கறியை எலும்புவரை உறிஞ்சிவிட்டுப் போனான். ரைமி தன் கையாலேயே அவனுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்த தேர்தல் வந்தது. ஒத்துன்பா மறுபடியும் நின்றார். இந்தத் தடவை எதிரே நின்றது மருந்துக்கடை ஃபெஹின்டோலா அம்மா. ஒவ்வொரு கட்சித் தேர்தலுக்கும் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கி அடுக்கி வைத்துக் காத்திருந்து அலுத்துப்போனவர். ரைமி ஒருநாள் அவர் கடைக்குப் போய் நின்றான்.

"என்ன வேணும் ரைமி? தலைவலியா?"

"உங்க படத்த நான் பிடிக்கிறேன்."

அந்த அம்மா அவனுடைய காதைப் பார்த்தார். "எனக்கு ஆளு வேணுந்தான். ஆனா உனக்கு எதுக்கு இது? நான் ஜெயிப்பேன்னு சொல்ல முடியாது."

"நீங்க ஜெயிக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவரு தோக்கணும். அவரு தோக்குறத நான் நின்னு பாக்கணும். அது போதும்."

அதற்குமேல் அவனுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. நீதிமன்றம் இல்லை, போலீஸ் இல்லை. ஒத்துன்பாவுக்கு வலிக்கிற இடம் என்று ஒன்று இருந்தால் அது அந்த மைதானத்து வரிசைதான். அந்த வரிசை இன்னொருவருடைய படத்துக்குப் பின்னால் நீளமாக நிற்கவேண்டும், கடைசித் தலை வரைக்கும் எண்ணப்படவேண்டும். தம்பிக்குச் செய்யாததை இப்படித்தான் செய்ய முடியும் என்று ரைமி முடிவு கட்டிவிட்டான்.

அவன் மனைவி முயிபா பஸ் நிற்குமிடத்தில் அக்காரா வடை சுடுகிறவள். சேதி கேட்டதும் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"ரஷீதா அப்பா, இன்னொரு காது இருக்குங்கிற தைரியமா?"

"ஒனக்குப் பயமா இருந்தா நீ வராத."

"யாரு பயம்னு சொன்னது? நான் உங்க முதுகுக்குப் பின்னாடி மொத ஆளா நிப்பேன். உங்கள எவனும் பின்னாடி வந்து தொடக்கூடாது." அவள் சொன்னபடியே செய்கிறவள். மறுநாளே பழைய சைக்கிள் கடையில் இரும்புக் குழாய் ஒன்றைப் பிடித்து வந்தாள். மரக் கம்பை வெட்டலாம், இரும்பை வெட்ட முடியாது.

தேர்தலுக்கு முந்தைய வாரங்கள் எப்போதும்போலத்தான் இருந்தன. தாரை தப்பட்டையோடு ஊர்வலங்கள் போயின, ஒரே துணியில் சட்டை தைத்த பெண்கள் பாடினார்கள். மருந்துக்கடை இரும்புக் கதவை லாரி விட்டு இடித்தார்கள். அந்த அம்மாவின் தம்பி மகனைச் சந்தையில் மடக்கி, விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார்கள். பதிலுக்கு இவர்கள் தரப்பில் ஒத்துன்பாவின் ஒலிபெருக்கி வண்டியைக் கொளுத்தினார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் கால் வெந்து வெளியே குதித்தான். இதில் யார் நல்லவர் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஒருநாள் சபினுவே பஸ் நிற்குமிடத்துக்கு வந்தான். சிவப்புக் கயிறு கட்டிய ராணுவ பூட்ஸ் போட்டிருப்பான், எங்கிருந்து பிடித்தானோ. முயிபாவிடம் அக்காரா வாங்கித் தின்றுகொண்டே ரைமியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நாம ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. எதுக்கு வம்பு? அன்னிக்கு வயித்துவலின்னு வீட்ல படுத்துக்க."

"எனக்கு வயித்துவலி வந்ததே இல்ல."

"வர வெச்சிருவோம்ல?"

"போன தடவ ஒருத்தனுக்கு வர வெச்சீங்களே, அதுலயே பாத்துட்டேன்டா" என்றான் ரைமி. அவன் குரல் உயரவில்லை. சபினு வடையை மெல்லுவதை நிறுத்தினான்.

சுற்றி நின்ற மற்றச் சுமைதூக்கிகளுக்கு உள்ளூர நடுக்கம். நடுக்கம் வந்தால் எங்கள் ஆட்களுக்குக் கேலி வந்துவிடும். முடி நரைத்த கன்மி என்ற சுமைதூக்கி சத்தமாகச் சொன்னான்: "சபினு, நீ துப்பாக்கியே கொண்டு வந்தாலும் இவன் சாய மாட்டான். இவனத் தரையில படுக்க வைக்க ஒரே ஒரு ஆளாலதான் முடியும். அதுவும் குச்சி ஊனி நடக்குற கெழவன்!"

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். ரைமிகூடச் சிரித்துவிட்டான். யாரைச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும்.

முயிபாவின் அப்பா பாபா லசிசி பக்கத்து ஊரில் கோகோ தோட்டம் வைத்திருக்கிறவர். மாமனார் முன்னால் மாப்பிள்ளை நெடுஞ்சாண்கிடையாக விழவேண்டும் என்பது எங்களிடம் வழக்கம். மார்பு தரையைத் தொடவேண்டும், பெரியவர் எழுந்திரு என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. மற்ற மாமனார்கள் மாப்பிள்ளை முழங்காலை மடக்கும்போதே "போதும் போதும், எழுந்திருப்பா" என்று பதறுவார்கள். பாபா லசிசி பதறமாட்டார். அவர் நிதானமாகக் கோலாக் கொட்டையை ஒரு கடி கடித்து, விழுந்து கிடப்பவனிடம் ஒவ்வொன்றாக விசாரிப்பார். வீட்டில் எல்லோரும் சுகமா, ரஷீதா பள்ளிக்கூடம் போகிறாளா, ஆடு குட்டி போட்டதா, ஓடு மாற்றினீர்களா, மழை எப்படி. தரையிலிருந்தே ரைமி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வான். "அப்பா, எழுந்திருக்கச் சொல்லுங்க, அவருக்கு மூக்குல எறும்பு ஏறுது" என்று முயிபா சமையல்கட்டிலிருந்து கத்துவாள். கிழவருக்கு அதில் ஒரு பெருமை. ஊரே பயப்படுகிற ஆள் தன் செருப்புக்கு முன்னால் கிடக்கிறான் என்கிற பெருமை. கெட்டவர் இல்லை, மாப்பிள்ளை மேல் கொள்ளைப் பிரியம் உள்ளவர். அந்தப் பிரியத்தை இப்படித்தான் காட்டத் தெரியும்.

பஸ் நிற்குமிடத்தில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகும் சபினு மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனும் நிறுத்தினான், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

அந்த நாள் வந்தது. முதல்நாள் மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. கட்சி அதிகாரி வழக்கம்போலத் தாமதமாக வந்து, வழக்கம்போல ரோட்டைத் திட்டினார். மருந்துக்கடை அம்மாவின் படத்தை இரும்புக் குழாயில் மாட்டி ரைமி வேலியோரம் நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் முயிபா, அவளுக்குப் பின்னால் சந்தைப் பெண்கள், அதற்குப் பின்னால் வரிசை பள்ளிக்கூடக் கட்டடத்தைச் சுற்றிப் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டிருந்தது. ரைமி திரும்பிப் பார்க்கவில்லை. கன்மி ஓடிவந்து, "அடேய், வாலு கெணத்தடியையும் தாண்டிருச்சுடா!" என்றான். ரைமி குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

ஒத்துன்பாவின் வரிசை கோல் கம்பத்தின் பக்கம் நின்றது, குட்டையாக. அதைத்தான் அதிகாரி முதலில் எண்ணினார். எண்ணப்பட்டவர்கள் குனிந்து ஓடி மறுபடி வாலில் போய் நின்றார்கள். எத்தனை சுற்று ஓடியும் அது நீளவில்லை.

அப்போதுதான் பாட்டில்கள் வந்து விழ ஆரம்பித்தன. சோடா பாட்டில் ஒன்று ரைமியின் நெற்றியில் உடைந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. முயிபா எட்டித் தன் தலைத்துணியால் துடைத்துவிட்டாள். அடுத்து வெட்டுக்கத்திகள். சுமைதூக்கிகள் பலகைகளோடு முன்னால் பாய்ந்தார்கள். கன்மியின் கையிலிருந்த பலகை இரண்டாகப் பிளந்தது, இரண்டு விரலும் அதோடு போயின. அவன் கீழே கிடந்த பலகைத் துண்டை எடுத்து வெட்டியவனின் வாயிலேயே இடித்தான். பற்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒருவன் ரைமியின் தொடையில் வெட்டினான். ரைமி குழாயை இரண்டு கையாலும் நிலத்தில் ஊன்றி அழுத்திக்கொண்டு, வெட்டியவன் முகத்தில் நெற்றியாலேயே ஓங்கி முட்டினான். அவன் மல்லாந்து விழுந்தான், பெண்கள் அவனை மிதித்தார்கள். மாமரத்தடியில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் போன் ரீசார்ஜ் செய்யக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

படம் சாயவில்லை. சபினுவின் ஆட்கள் பின்வாங்கினார்கள். அதிகாரி ஓடத்தான் பார்த்தார். மீன் விற்கும் பெண் ஒருத்தி அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். "எண்ணுய்யா! எண்ணிட்டு ஓடு!" அவர் நடுங்கிக்கொண்டே முயிபாவின் தலையைத் தொட்டார். ஒன்று என்றார். எண்ணிக்கை ஆரம்பமாகிவிட்டது.

ஒத்துன்பாவின் ஜீப் மைதானத்துக்குள் மெதுவாக வந்து நின்றது. கதவு திறந்தது. இறங்கியது பாபா லசிசி. புதுத் தொப்பி, வெள்ளை அங்கி, கையில் குச்சி. மாப்பிள்ளைக்கும் ஒத்துன்பாவுக்கும் சமாதானம் பேசவேண்டும், உங்கள் சொல்லைத்தான் அவன் கேட்பான் என்று சொல்லிக் காலையில் கார் அனுப்பி அழைத்து வந்திருந்தார்கள். கிழவருக்குப் பெருமை தாங்கவில்லை. சேற்றில் குச்சியை ஊன்றி ஊன்றி நேரே மாப்பிள்ளையைப் பார்த்து நடந்து வந்தார். ரத்தம் சொட்ட நின்ற சுமைதூக்கிகள் பலகைகளைத் தாழ்த்தி வழிவிட்டார்கள். ஒரு மனிதனுக்கும் அவன் மாமனாருக்கும் நடுவில் யார் போய் நிற்பார்கள்? கிழவர் வந்து ரைமிக்கு எதிரே நின்றார். நின்று காத்திருந்தார்.

ரைமி குழாயைக் கண்ணால் காட்டினான். "பாபா, கையில படம் இருக்கு..."

கிழவரின் முகம் சுருங்கியது. மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். மாமனாருக்கு விழாதவன் என்று பேர் எடுத்தவன் பின்னால் எங்கள் ஊரில் நாய்கூட நிற்காது. அவன் விழாவிட்டால் வரிசை தானாகவே கரையும், விழுந்தால் படம் சாயும். இரண்டுக்கும் நடுவில் அவன் தவித்து நின்றபோது பின்னாலிருந்து முயிபா சட்டையை இழுத்தாள். அப்பாவைப் பார்த்ததுமே அவள் சேற்றில் மண்டியிட்டிருந்தாள்.

"குடுங்க இப்படி. பொம்பளைங்க நாங்க முட்டி போட்டாப் போதும். எனக்குக் கை சும்மாத்தான் இருக்கு."

ரைமிக்கு ஒரு நொடி கண் கலங்கியது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை! குழாயை அவள் கையில் கொடுத்தான். அவள் மண்டியிட்டபடியே அதைச் சேற்றில் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். படம் துளி அசையவில்லை. அவன் நிம்மதியாக, முழு மனதோடு, மாமனாரின் காலடியில் மார்பு பதிய விழுந்தான்.

"மாப்பிள்ளை" என்றார் கிழவர். அவர் மனம் குளிர்ந்திருந்தது. "வீட்ல எல்லாரும் சொகமா?"

"சொகம் பாபா."

"ரஷீதா நல்லாப் படிக்கிறாளா?"

"படிக்கிறா பாபா."

கன்னம் சேற்றில் பதிந்திருந்ததால் ரைமிக்குக் கால்கள் மட்டுமே தெரிந்தன. மாமனாரின் தோல் செருப்பு. முயிபாவின் புதைந்த முழங்கால், அதன் பக்கத்தில் இரும்புக் குழாயின் அடி. வரிசைக்குள் தள்ளிப் போய்க்கொண்டிருந்த அதிகாரியின் குரல், எண்களாக. அப்புறம் ஜீப் நின்ற பக்கமிருந்து சேறு தெறிக்க ஓடிவந்த பூட்ஸ். அதில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது.

அவனால் புரண்டிருக்க முடியும். துள்ளி எழுந்திருக்கவும் முடியும். அந்த உடம்புக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் எழுந்திரு என்று பாபா இன்னும் சொல்லவில்லை. இதோ சொல்லிவிடுவார், அடுத்த வார்த்தை அதுதான் என்று நினைத்தான்.

"அந்த ஆடு குட்டி போட்டுச்சா?" என்றார் கிழவர்.

வெட்டுக்கத்தி இடுப்புக்குச் சற்று மேலே இறங்கியது. கறிக்கடையில் முதுகெலும்பைத் தறிக்கும்போது கேட்குமே, அதே சத்தம். தன் உடம்பிலிருந்தா வந்தது என்று ரைமி ஆச்சரியப்பட்டான். இரண்டாவது வெட்டின் சத்தம் மட்டும் கேட்டது, வலி தெரியவில்லை. கிழவரின் குச்சி அவன் கண்முன்னால் விழுந்தது. முயிபா அலறினாள். அப்படி ஒரு அலறலை அவன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறான், இதே மைதானத்தில். அவள் முழங்கால் சேற்றில் இன்னும் ஆழமாகப் புதைந்ததைப் பார்த்தான். இரும்புக் குழாய் நடுங்கியது. நடுங்கியதே தவிரச் சாயவில்லை.

எண்ணப்பட்டவர்கள் வரிசையில் நிற்கவேண்டிய அவசியம் இல்லை. முன்னால் நின்ற சந்தைப் பெண்கள் எல்லோரும் எண்ணப்பட்டிருந்தார்கள். அவர்கள் சபினுவை என்ன செய்தார்கள் என்பதை ரைமி பார்க்கவில்லை, காதால் கேட்டான். மீன் வெட்டும் கத்தி, உலக்கை, கல் எல்லாம் இருந்தன. "அம்மா, அம்மா" என்று அவன் கூப்பிட்ட சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றது. சிவப்புக் கயிறு கட்டிய பூட்ஸ் ஒன்று ரைமியின் மூக்கருகே வந்து விழுந்தது. உள்ளே கால் இல்லை, கழன்று வந்திருந்தது. தூரத்தில் அதிகாரி அழுதுகொண்டே எண்ணினார். கிணற்றடி தாண்டியும் எண்ணினார்.

"எழுந்திரு மாப்பிள்ளை" என்றார் பாபா லசிசி அப்போது. "எழுந்திருப்பா, போதும். எழுந்திரு." அவர் குனிந்து ரைமியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். புது அங்கி முழுக்கச் சிவந்தது. "நான்தான் சொல்றேன்ல? எழுந்திரு."

ஒத்துன்பா தோற்றார். ரைமி ஆசைப்பட்டது நடந்தது. நின்று பார்க்கத்தான் முடியவில்லை. ஒரு மாதம் போனதும் தலைநகரில் மாநிலக் கட்சித் தலைவர்கள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு ஒரே மேசையில் உட்காரவைத்து விருந்து போட்டார்கள். ஒத்துன்பாவுக்கு மாநிலச் சமாதானக் குழுத் தலைவர் பதவி கொடுத்தார்கள். ஆமாம், சமாதானக் குழு, நான் விளையாடவில்லை. மருந்துக்கடை அம்மாவும் அவரும் கைகோத்துச் சிரிக்கிற போஸ்டர் ஊர் முழுக்க ஒட்டப்பட்டது. ஆஸ்பத்திரிச் சுற்றுச்சுவரிலும் ஒன்று. கட்டிலில் குப்புறக் கிடக்கிற ரைமிக்குத் தலையைத் திருப்பினால் ஜன்னல் வழியாக அது நேராகத் தெரியும். முதுகில் புண் இன்னும் ஆறாததால் அவனைக் குப்புறத்தான் போட்டிருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே ஈ உட்கார்ந்தாலும் தெரியாது. அந்த அம்மா ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார், அழுதார். உண்மையாகத்தான் அழுதார் என்று நினைக்கிறேன். முயிபா பழங்களை வாங்கிப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒருநாள் முயிபா தானாகவே பேச்செடுத்தாள். "அந்தக் கம்பக் கீழ போட்டுட்டு நான் அவன் மேல பாஞ்சிருக்கணும்."

"நானும் அன்னிக்குப் போடல" என்றான் ரைமி. "கமோரு கத்துனப்ப. அது அவன் கொரல்தான்னு எனக்குத் தெரியும் முயிபா." இதை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் அவன் தலைமுடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாபா லசிசி தினமும் பஸ் ஏறி வருகிறார். கோலாக் கொட்டை மெல்லுவதை விட்டுவிட்டார். ஆட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ எதுவும் கேட்பதில்லை. வார்டு வாசலில் வந்ததும், மாப்பிள்ளை குப்புறக் கிடப்பது கண்ணில் பட்டதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவசர அவசரமாகச் சொல்வார்.

"எழுந்திரு மாப்பிள்ளை."

"அப்பா, உள்ள வந்து உக்காருங்க" என்பாள் முயிபா.

அவர் உட்காரமாட்டார். காதில் விழவில்லையோ என்று இன்னும் கிட்டே வந்து, ரைமியின் பாதிக் காதருகே குனிந்து, இன்னொரு தடவை உரக்கச் சொல்வார். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"கேட்டுச்சு பாபா" என்பான் ரைமி, தலையணையில் முகம் பதிந்தபடி. "நீங்க சொல்லிட்டீங்க. எனக்குக் கேட்டுச்சு."